கார்டு எழுந்திருக்கும் நேரம்

உசிலம்பட்டிப் பக்கம் பால் சொசைட்டியில் செயலாளராக இருக்கும் நண்பர்தான் என்னை அனுப்பிவைத்தார். விடியற்காலையில் கரண்ட் போய் வந்தால், அவர்களுடைய பால் சோதிக்கும் மெஷின் சில நாள் உடனே எழுந்துகொள்கிறது. சில நாள் திரை அப்படியே நிற்கிறது. கேனோடு வந்த பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். மூன்று கார்டு மாற்றியும் தீரவில்லை. "புதூர்ல ஒரு பொண்ணுகிட்டதான் இப்போ வேலை போயிருக்கு. எழுதுறவன்தானே, போய்ப் பாரு" என்றார்.

கே.புதூர் சிட்கோ தொழிற்பேட்டையை ஒட்டி, மாடியில் ஒற்றை அறை. மேஜைமேல் அதே மெஷின் மூடி கழற்றிக் கிடந்தது. உள்ளே ஓடுவது லினக்ஸ். அது குடியிருப்பது நகத்தளவு மெமரி கார்டில். "வாங்கண்ணே, இதைப் பாருங்க" என்று லேப்டாப்பைத் திருப்பினார். வரிக்கு வரி நொடிக்கணக்கு போட்டு ஓடிய லாக், கார்டுக்காகக் காத்திருப்பதாகச் சொல்லும் வரியில் நின்றுவிட்டது.

லினக்ஸின் மையமான கெர்னல் கார்டுக்கு மின்சாரம் கொடுக்கும். 10 மில்லிநொடி பொறுத்து கிளாக்கைத் தொடங்கும், இன்னொரு 10 பொறுத்துக் கேள்விகளை அனுப்பும். முதல் முயற்சி 400 கிலோஹெர்ட்ஸில். பதில் இல்லையென்றால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு 300, பிறகு 200, கடைசியாக 100. கார்டு இருப்பதைச் சொல்லத் தனிக் கம்பி இல்லாத போர்டுகளில் ஒரு நொடி கழித்து மறுபடி முதலிலிருந்து. இந்த போர்டில் அந்தக் கம்பி இல்லை. டிரைவருக்குள் அவர் காட்டிய மற்றவற்றை நான் பின்தொடரவில்லை.

என் கண் போனது ஆஸிலோஸ்கோப்பில். பழையது, தவணையில் வாங்கியது. ஒரு முனையைக் கார்டின் மின்கம்பியிலும் இன்னொன்றைக் கட்டளைக் கம்பியிலும் வைத்தார். சுவர்போல் எழ வேண்டிய மஞ்சள் கோடு சாய்வாக ஏறியது. அதற்குள் நீலக் கோட்டில் கேள்விகள் வந்து போய்விட்டன. "கார்டுக்கு 2.7 வோல்ட்டாவது வேணும்ணே. இங்க இன்னும் ரெண்டையே தொடலை. தூங்குறவனை எழுப்பின கையோட கணக்குக் கேட்டா எப்படிச் சொல்லுவான்?"

கார்டு விதிமுறை மின்சாரம் ஏற 35 மில்லிநொடி வரை அனுமதிக்கிறது. ஆக, கார்டின் மேல் குற்றமில்லை. சில நாள் மட்டும் ஏன் உடனே எழுகிறது? அணைத்தால் 0.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி, குறைந்தது 1 மில்லிநொடி அங்கேயே இருக்க வேண்டும் என்பது விதி. இந்த போர்டில் கெப்பாசிட்டர் முழுக்க வடிவதில்லை. மிச்சம் இருக்கும் வோல்டேஜிலிருந்து அடுத்த ஏற்றம் தொடங்குவதால், மிச்சம் எவ்வளவு என்பதைப் பொறுத்து ஒரு முயற்சி தப்பிப் பிழைக்கிறது.

போர்டின் அமைப்பைக் கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் ஒரு வரி சேர்த்தார்: மின்சாரம் கொடுத்தபின் 10 அல்ல, 50 மில்லிநொடி பொறு. வடிவதற்கு ஒரு ரெசிஸ்டர். போட்டுப் போட்டு அணைத்தார். ஒவ்வொரு முறையும் முதல் கேள்விக்கே கார்டு பதில் சொன்னது.

இவருடைய அப்பா திருமங்கலத்தில் ரேடியோ, டிவி மெக்கானிக். இவர் பாலிடெக்னிக் முடித்துச் சென்னையில் வேலை பார்த்தவர். அப்பா படுத்தபோது ஊர் திரும்பினார். வேலை சென்னைக் கான்ட்ராக்டர் மூலம் வருகிறது, அவருக்கு மேலே பெங்களூரில் ஒருவர். மெஷின் கம்பெனி என்ன கொடுக்கிறது என்று இவருக்குச் சொல்வதில்லை. இவர் எழுதிய வரி கான்ட்ராக்டர் பெயரில் போகிறது. நெசவாளிக்கும் சேலைக் கடைக்கும் நடுவில் நின்றவர்களைத் திட்டிய நாம், இந்த இடைத்தரகர்களைக் கண்டுகொள்வதில்லை.

லினக்ஸின் வழக்கம் அப்படியல்ல. 2004 முதல் கெர்னலுக்குள் போகும் மாற்றத்தில் எழுதியவர் தன் பெயரிட்டு ஒப்பமிட வேண்டும். 2020-இல் கார்டு டிரைவர்கள் ஒன்றுக்காக ஒன்று காத்திராமல் தொடங்கும்படி டக்ளஸ் ஆண்டர்சன் செய்த மாற்றம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. புதூரில் எழுதிய வரிக்கும் அந்த மரியாதை வேண்டும்.

சொசைட்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கெர்னலின் உரிமம் ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பு. மெஷினை விற்பவர் சோர்ஸ் கோடையும் கூடவே தர வேண்டும். இல்லையென்றால், கேட்டால் தருவதாகக் குறைந்தது 3 ஆண்டு செல்லுபடியாகும் எழுத்துப்பூர்வ உறுதி தர வேண்டும். கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். எழுதியவர் பெயரோடு தரச் சொல்லுங்கள்.