பேரேடு

இந்தப் பக்கங்களில் அலுவலக விஷயத்தை எழுதுவதில் எனக்குக் கூச்சம் உண்டு. ஆனால் நம்மில் பலரும் வங்கியிலோ இன்ஷ்யூரன்ஸிலோ தபால் இலாகாவிலோ பகலைக் கழித்தவர்கள்தான். அந்தப் பகலைப் பற்றி நாம் அதிகம் எழுதியதில்லை. தவிர, நான் சொல்லவருவது சொற்களைப் பற்றியும்தான்.

1979-ல் ஒரு வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். 2004-ல் அதே வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவன். இடையில் நடந்ததை என் ஓய்வு நாளன்று மேடையில் முன்னேற்றம் என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

1983-ல் வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் எந்திரங்களைப் பற்றி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அடுத்த வருஷம் ரங்கராஜன் குழுவின் அறிக்கை வந்தது. அதற்கெல்லாம் முன்பு, வாயில் கூட்டங்களில் கம்ப்யூட்டரை எதிர்த்து நான் கோஷம் போட்டிருக்கிறேன். பிறகு கிளைக்கு வந்த எந்திரத்துக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின் என்று பெயர். கம்ப்யூட்டர் என்று சொல்லாமலிருக்க ஒரு பெயர் தேவைப்பட்டது என்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம். ஒரு மாறுதலை மனிதர்களுக்குள் கொண்டுபோக அதன் பெயரை மாற்றினால் போதும் என்று அப்போது கற்றேன். பின்னால் அது எனக்குப் பயன்பட்டது.

கோஷம் போடும்போது என் பக்கத்தில் நின்றவர் சேமிப்புக் கணக்குப் பேரேடு பார்த்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் 'தோழர்' என்றுதான் கூப்பிடுவார். செக்கில் கையெழுத்தைப் பார்த்ததும், மாதிரி அட்டையை எடுக்காமலே ஆளைச் சொல்லிவிடுவார். சேமிப்புக்கு வட்டி அன்று, மாதத்தின் 10-ம் தேதியிலிருந்து கடைசித் தேதிவரை உள்ள மிகக் குறைந்த இருப்புக்குத்தான். பக்கத்தைத் திருப்பியதும் அவர் விரல் அந்த எண்ணில் போய் நிற்கும். அரையாண்டு வட்டி போடும் இரவுகளில் நான் கூட்டுவேன், அவர் சரிபார்ப்பார். பத்து பைசா உதைத்தாலும் அது அகப்படும்வரை வீட்டுக்குப் போகமாட்டோம்.

2004-ல் கிளைகளின் கணக்குகளையெல்லாம் ஒரே மையக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோவது என் பொறுப்பாயிற்று. கிளை கிளையாகப் போய் ஊழியர்களைக் கூட்டிப் பேசினேன். இரண்டு வாக்கியங்கள் வைத்திருந்தேன். 'இது வெறும் கருவி.' 'யாருக்கும் வேலை போகாது.' 2000-01-ல் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியேறியிருந்தார்கள். ஆகவே இரண்டாவது வாக்கியத்துக்கு மதிப்பு இருந்தது. அது பொய்யும் அல்ல. ஒருவருக்கும் வேலை போகவில்லை.

அவர் இருந்த கிளைக்கும் போனேன். பேசி முடித்ததும் எழுந்து நின்றார்.

"வேலை போகாது, சரி சார். வேலையில என்ன இருக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, வாடிக்கையாளர் சேவை அது இது என்று ஏதோ சொன்னேன். கேள்வி புரியாமலில்லை. அவர் வாயிலிருந்து 'சார்' என்று அன்றுதான் முதன்முறை கேட்டேன். அதைக் கவனித்ததில் கேள்வியை விட்டுவிட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மாலை அந்தக் கிளையின் கணக்கை மூடி ஏற்றினோம். திங்கட்கிழமை காலை திறந்தபோது கணக்கு எண்கள் நீண்டிருந்தன. கையெழுத்துகள் திரைக்குப் போயிருந்தன. பத்து பைசாகூட உதைக்கவில்லை. எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அவரை விசாரணை மேஜையில் உட்காரவைத்தார்கள். வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக்கொடுத்துக்கொண்டு மூன்று வருஷம் இருந்து ஓய்வுபெற்றார். அதே சம்பளம், அதே நாற்காலி.

மாறுதலே கூடாது என்று சொல்ல வரவில்லை. பழைய முறையில் 11-ம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாதம் வட்டி கிடையாது. 2010 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி தினசரி இருப்புக்கு வட்டி. எல்லாக் கணக்குக்கும் அன்றாடம் அதைக் கையால் போட்டிருக்க முடியாது. அவர் விரல் தவறாமல் போய் நின்ற எண், பணம் போட்டவனுக்கு நஷ்டமான எண். அவரைப் பற்றி நினைக்கும்போது இதையும் சேர்த்தே நினைக்கவேண்டியிருக்கிறது.

ஆனால் அவர் அதைக் கேட்கவில்லையே. நிர்வாகப் புத்தகங்களில் 'மாறுதலுக்கு எதிர்ப்பு' என்று ஓர் அத்தியாயம் இருக்கும். பயம், பழக்கம், வயது என்று காரணம் போட்டிருப்பார்கள். அந்தத் தலைப்பின்கீழ் வைத்துவிட்டால் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை. 'உங்கள் கைக்குத் தெரிந்தது இனி இங்கே யாருக்கும் வேண்டியிருக்காது. அதற்குப் பதிலாகத் தர என்னிடம் ஒன்றும் இல்லை' என்பதுதான் பதில். சொல்லியிருந்தால் அவர் மேஜை மாறியிருக்காது. எனக்குக் கடிதமும் வந்திருக்கும். அவருக்குப் பதில் கிடைத்திருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். அதைச் செய்ய எனக்கு வாய் வரவில்லை.

2012-ல் ஒருநாள் கிளையொன்றில் அவரைப் பார்த்தேன். பாஸ் புத்தகத்தை எந்திரத்தில் கொடுத்து அச்சிட்டு வாங்கி, வட்டி வரியில் விரலை வைத்தபடி நின்றிருந்தார்.

"சரியா இருக்கா, தோழர்?" என்றேன்.

புத்தகத்தை மூடினார்.

"இருக்கும்" என்றார்.