உப்பு போகாமல் பெயின்ட் நிற்காது

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு சுமார் 18 கிலோமீட்டர். விடியற்காலையில் அந்தச் சாலையில் மீன் பெட்டி கட்டிய வண்டிகள் வரிசையாக வரும். இறால், நண்டு, மடவை என்று எது இருந்தாலும் பெட்டிக்குள் ஐஸ் உண்டு. அது உருகி, மீனில் ஒட்டியிருந்த ஏரித் தண்ணீரோடு சேர்ந்து வழியெல்லாம் சொட்டும். ஸ்டாண்டு மாட்டும் இடம், ஸ்விங் ஆர்ம், சீட்டுக்குக் கீழே போகும் குழாய் என்று சேஸிஸின் பின்பாதி முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறுகிறது.

அப்படி ஊறிய ஒரு பழைய ஸ்பிளெண்டரின் சேஸிஸைத்தான் பொன்னேரி கொட்டகை ஒன்றில் பார்த்தேன். இன்ஜின், சக்கரம், ஒயர் எல்லாம் கழற்றப்பட்டு, வெறும் இரும்பாகக் கம்பியில் தொங்கியது. பெயின்டர் ஐம்பதைத் தாண்டியவர். சின்ன வயதில் வடசென்னைப் பட்டறைகளில் புல்லட் வண்டிகளுக்கு உப்புத்தாள் தேய்த்து வேலை கற்றவர். திருவொற்றியூரில் 1950-களில் என்ஃபீல்டு தொழிற்சாலை வந்த பிறகு அந்தப் பக்கம் இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. புல்லட் டேங்கில் கையால் இழுக்கும் தங்கக் கோட்டைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. சேஸிஸைப் பற்றி யார் எழுதினார்கள்?

“கலர் அடிக்கிறது ரெண்டு மணி நேர வேலை சார். அதுக்கு முன்னாடி இருக்கிறதுதான் வேலை” என்றார்.

பழைய பெயின்டின் மேல் ரிமூவரைப் பூசி, அது சுருங்கிக் கிளம்பியதும் பட்டித் தகட்டால் வழிக்கிறார்கள். மிச்சத்தை கிரைண்டரில் மாட்டிய கம்பி பிரஷ் பார்த்துக்கொள்கிறது. இங்கேதான் ஏமாற்று இருக்கிறது. பிரஷ் ஓடியதும் இரும்பு பளபளவென்று ஆகிவிடும். வாடிக்கையாளர் பார்த்தால் திருப்தியாகிவிடுவார். ஆனால் துரு தின்ற இடமெல்லாம் குண்டூசி முனை அளவுக்குக் குழி. பிரஷ் குழியின் வாயைத்தான் மெருகேற்றுகிறது. அடியில் இருக்கும் துருவும் உப்பும் அப்படியே கிடக்கும். வெயிலில் காய்ந்து சுத்தமாகத் தெரிந்த ஒரு வளைவை அவர் காட்டினார். ராத்திரி திறந்து வைத்தால் காலையில் அந்தப் புள்ளிகள் மட்டும் ஈரமாகிச் சிவந்திருக்குமாம்.

காரணம் எளிது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலும் ஏரியும் பக்கத்தில் இருக்கிற ஊரில் அந்த ஈரம் பெரும்பாலான இரவுகளில் உண்டு. பெயின்ட் படலம் நீராவியை முழுக்கத் தடுப்பதில்லை. அடியில் மாட்டிய உப்பு அதன் வழியாகவே ஈரத்தை உறிஞ்சி, கொப்புளம் கிளப்பி, துருவை வளர்க்கும். மேலே எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட் அடித்தாலும் இதில் மாற்றமில்லை.

ஆகவே கழுவுகிறார்கள். போர் தண்ணீரே உப்புக் கரிக்கும் என்பதால் கேனில் வாங்கிய நல்ல தண்ணீர். நார் பிரஷால் தேய்த்து, கழுவி, கம்ப்ரசர் காற்றால் குழாயின் ஓட்டைகளுக்குள் ஊதி, வெயிலில் காயவைத்து, மறுபடி கழுவுகிறார்கள். உதவிக்கு இருந்த பையன் இதை அலுக்காமல் செய்தான் என்று சொல்ல மாட்டேன். நன்றாகவே அலுத்துக்கொண்டான்.

பிறகு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி. அது இரும்பில் சாம்பல் நிறத்தில் படிந்ததும் திரும்பவும் தண்ணீர். 80, 120 நம்பர் தாளால் கீறல் போடுகிறார்கள். வழவழப்பான இரும்பில் பிரைமர் பிடிக்காது. கடைசியாகத் தின்னர் துணி. அதன்பின் வெறுங்கையால் தொடக் கூடாது. கை வேர்வையும் உப்புதானே.

கழுத்துப் பகுதியில் பொறித்த சேஸிஸ் நம்பர் மேல் கிரைண்டர் போகவே இல்லை. அங்கே தாளை மடித்து விரலால் மட்டும் தேய்த்தார். அந்த எண் அழிந்தாலோ பட்டிக்குள் புதைந்தாலோ ஆர்சி புத்தகம் வெறும் காகிதம்தான். கோன் கிண்ணங்களையும் போல்ட் மரைகளையும் டேப்பால் மூடிய பிறகே பிரைமர். இரண்டு டப்பாவாக வரும் எபாக்சி பிரைமரை வெயில் ஏறிய பின் கலந்து, கடற்காற்று திரும்புவதற்குள் அடித்துவிடுகிறார். சும்மா ரெட் ஆக்சைடு அடித்தால் விலை குறைவுதான். “மீன் வண்டிக்கு அது தாங்காது” என்றார். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை எடுப்பதே இல்லை.

மணல் பிளாஸ்டிங் செய்தால் குழியின் அடிவரை சுத்தமாகுமே என்று கேட்டேன். ஆகும். ஆனால் மணல் உடைந்து பறக்கும் சிலிகாத் தூள் நுரையீரலில் தங்கினால் திரும்பி வராது. பிரிட்டன் இதற்கு மணலைப் பயன்படுத்துவதை 1949-ஆம் ஆண்டு விதிகளிலேயே தடை செய்துவிட்டது. நமது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் சிலிகோசிஸ் இருந்தது. கார்னெட்டோ இரும்புக் குருணையோ போட்டு, காற்று வரும் ஹெல்மெட் மாட்டிச் செய்வதுதான் முறை. மூன்று பேர் கொட்டகையோ தொழிற்சாலைக் கணக்கிலேயே வராது; அங்கே யார் வந்து சோதிப்பார்கள்? எபாக்சி அடிக்கும்போது இவர் முகத்தில் இருந்தது ஒரு கைக்குட்டை. அதைச் சொன்னேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கூலிக் கணக்கும் இப்படித்தான். வாடிக்கையாளர் பேரம் பேசுவது பளபளப்பைப் பார்த்து. கழுவிய நாட்களுக்குத் தனிக் கூலி கேட்டால், “தண்ணி ஊத்தறதுக்குக் காசா?” என்பார்களாம். அந்தக் கேள்விக்குப் பயந்து கழுவாமல் அடித்துத் தருகிற கடைகள் பெருகிவிட்டன. அடுத்த மழைக்குள் கொப்புளம் வரும். பழி பெயின்ட் கம்பெனி மேல் விழும்.

வண்டியைப் பெயின்டுக்கு விடுகிறவர்கள் நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஒருமுறை போனால், பிரைமர் விழுவதற்கு முன் இன்னொரு முறை போய் வெறும் இரும்பைப் பாருங்கள். கழுவிய கூலியைத் தனியாகக் கொடுங்கள். முடிந்தால் வடிகட்டி வைத்த முகமூடி ஒன்றையும் வாங்கிக் கொடுத்து, மாட்டிக்கொண்டு அடிக்கச் சொல்லுங்கள்.