சிங்கராஜ வனத்தில் ஒரு மழைப்பொழுது

இளவேனில் என்றதும் குயிலையே கற்பித்துப் பழகிய நமக்குச் சிங்கராஜ வனம் புதிது. பங்குனிப் பிற்பகல், மழை. காலில் அட்டைகள் ஏற, குடாவைப் பக்கத்துக் காட்டுவழியில் மாணவர் எண்மருடன் காத்து நின்றோம்.

திடீரெனக் கீச்சொலி. செம்மஞ்சள் அலகுடைய சிலம்பன்கள் முன்வர, பல்லினப் பறவைகள் ஒரே கூட்டமாய்த் தொடர்ந்தன. சிலம்பன்கள் இலைகளைக் கிளற, வெருண்டெழுந்த பூச்சியைக் கரிச்சான் கௌவிற்று.

"உழைப்பது ஒன்று, உண்பது வேறொன்றா, சேர்?" என்றான் ஒருவன்.

வல்லூறு வரின் கூவி எச்சரிப்பதும் அக்கரிச்சானே என்றோம். அவன் முற்றாக ஒப்பவில்லை, அதுவும் நன்றே.

சுற்றிலும் மெலிந்த மரங்கள். 1972 முதல் 1977 வரை ஒட்டுப்பலகைக்காக இவ்வனத்தில் மரம் வெட்டினர். எதிர்ப்பு வலுத்தபின்னரே நிறுத்தினர். 1988 இல் இது உலக மரபுரிமையாயிற்று. இவ்வெற்றியை வகுப்பில் எத்தனை முறை பெருமையோடு உரைத்திருப்போம்!

"அன்று நான் மரம் இழுத்த கூலிக்காரன்," என்றார் வழிகாட்டியாக வந்த எழுபது வயதுச் சிங்களப் பெரியவர். "கூலி நின்ற நாள் நினைவிருக்கிறது."

"வேறு வேலை கொடுத்தார்களா என்று கேளுங்கள், சேர்," என்றான் அதே மாணவன்.

கேட்டோம். கொடுக்கவில்லையாம். கித்துள் சீவிப் பாணி காய்ச்சிப் பிள்ளைகளை வளர்த்தாராம். வெட்டுக்குத் தப்பிய கித்துள் ஒன்றைத் தொட்டுக் காட்டினார். அதற்குள் பறவைக் கூட்டம் பள்ளத்தில் இறங்கி மறைந்துவிட்டது.