குதிரைக் கொட்டடி வாடை

ப்ரஸ்ஸல்ஸ் பக்கத்துப் புளிப்பு பீர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு சொல்லைப் பாராட்டாகவே பயன்படுத்துகிறார்கள். குதிரைப் போர்வை வாடை. வியர்த்த குதிரையின் முதுகில் போட்டு எடுத்த கம்பளி எப்படி வீசுமோ அந்த வாடை. கூடவே கொட்டடி, ஈர வைக்கோல், தோல் என்று ஒரு பட்டியல். இதெல்லாம் இருந்தால் பீர் நன்றாக முதிர்ந்திருக்கிறது என்று அர்த்தமாம். முதலில் இதைக் கேட்டபோது சிரித்தேன். யோசிக்க யோசிக்கச் சிரிப்பு போய்விட்டது. நம்மை வைய இவர்கள் எடுக்கிற அதே சொற்களை, அங்கே விலை உயர்ந்த பாட்டிலுக்குச் சான்றாகக் கொடுக்கிறார்கள்.

ஒரு கருத்தரங்குக்காக பெல்ஜியம் போயிருந்தேன். கூட்டம் முடிந்த மறுநாள் ஈழத்து அண்ணன் ஒருவர், முப்பது வருஷமாக அங்கே உணவகச் சமையல்கட்டில் வேலை பார்க்கிறவர், ஆண்டர்லெக்ட் பகுதியில் இருக்கும் காந்தியோன் என்ற பீர் வடிப்பகத்துக்குக் கூட்டிப் போனார். தெற்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். 1900இல் தொடங்கியது, இன்னும் அதே குடும்பத்தார் கையில்தான். 1978 முதல் அதையே அருங்காட்சியகமாகவும் திறந்து வைத்திருக்கிறார்கள்.

"தங்கச்சி, இது எங்கட ஆக்கள் குடிக்கிற சாமான் இல்லை. முதல் வாய் நல்லாப் புளிக்கும். துப்பிப் போடாதேங்கோ" என்றார் அண்ணன். அந்தத் தெரு வழியாக எத்தனையோ வருஷம் வேலைக்குப் போய் வந்தவர், உள்ளே வருவது அவருக்கு அன்றைக்கு இரண்டாம் தடவை.

இந்த பீரின் அடிப்படைக்கு லாம்பிக் என்று பெயர். முளைகட்டிய வாற்கோதுமையையும் முளைகட்டாத கோதுமையையும் வெந்நீரில் ஊறவைத்து, வடித்த சாற்றை வருஷக்கணக்கில் பழசான ஹாப்ஸ் பூவோடு கொதிக்க விடுகிறார்கள். பிறகு கூரைக்கடியில் இருக்கும் அகலமான, ஆழமில்லாத செப்புத் தொட்டிக்கு ஏற்றி ராத்திரி முழுக்க ஆறப் போடுகிறார்கள். மேலே மூடி கிடையாது. நொதிக்க வைக்கும் ஈஸ்ட் எதையும் மனுசர் போடுவதில்லை. காற்றிலும் அந்தக் கட்டடத்து மரத்திலும் இருப்பது தானாக வந்து இறங்குகிறது. குளிர் மாதங்களில், ஏறக்குறைய அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைக்கும்தான் இது நடக்கும். வெயில் காலத்தில் வேண்டாத கிருமி ஏறிவிடும். அப்புறம் மரப்பீப்பாயில் ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம்.

பீப்பாய் அறையில் நூலாம்படை தொங்குகிறது. யாரும் ஒட்டடை அடிப்பதில்லை. பழத்துக்கு வரும் ஈக்களைச் சிலந்தி பிடித்துத் தின்னும் என்பதால் அதையும் வேலைக்காரர் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்! நம் தெருக் கள்ளுக்கடையில் ஒரு நூலாம்படை கிடந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலையில் புளிப்புச் செர்ரி வரும். அந்த வட்டாரத்து டச்சு மொழியில் அதற்குக் க்ரீக் என்று பெயர், பீருக்கும் அதே பெயர்தான். பழத்தைக் கொட்டையோடு லாம்பிக் பீப்பாயில் போட்டு மாதக்கணக்கில் ஊற விடுகிறார்கள். ஈஸ்ட் பழத்துச் சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடும். மிஞ்சுவது நிறமும் புளிப்பும், கொட்டையிலிருந்து வரும் பாதாம் வாசமும். நகரத்தின் வடக்கே ஸ்கார்பேக் என்ற ஊரில் ஒரு காலத்தில் இந்தச் செர்ரித் தோப்புகள் இருந்தன. குடியானவர்கள் கழுதை மேல் பழம் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டு வந்ததால் அதற்குக் கழுதைகளின் ஊர் என்றே பட்டப்பெயர். அதையும் அவர்கள் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். நகரம் தோப்புகளை விழுங்கிவிட்டது. பெயர் மட்டும் பழத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

அண்ணன் வாங்கித் தந்தது லூ பெப்பே க்ரீக். வழக்கமாக லிட்டருக்கு 200 கிராம் பழம் என்றால் இதில் 300 கிராம் அளவுக்குப் போடுகிறார்கள். ஒயின் இருந்த பீப்பாயில் ஊறியது. குறைவாகத்தான் செய்கிறார்கள், தேடி அலைகிறவர்கள் அதிகம். பாட்டிலைச் சிறு கூடையில் சாய்த்த மாதிரியே கொண்டுவந்து ஊற்றினார்கள், அடி மண்டி கலங்கக் கூடாதாம்.

நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி ஒரு சிவப்பு. முதல் வாய்க்குத் தாடை இழுத்துக்கொண்டது, பல் கூசியது. அருநெல்லியைக் கடித்த கூச்சம், அதற்கடியில் இரண்டு நாள் நீராகாரத்தின் காடிப் புளிப்பு. பழம் இருக்கிறது, இனிப்பு துளியும் இல்லை. மூன்றாவது வாயில் புளிப்பு பின்வாங்கி மூக்கு வேலை செய்யத் தொடங்கியது. இந்த வாடை எனக்குத் தெரியும். சாவு வீட்டு வாசலில் எங்கள் சித்தப்பா வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவார். தீ பட்டுத் தோல் விறைக்கும்போது வைக்கோல் புகையும் தோலும் சேர்ந்து ஒன்று எழும்பும். கண்ணாடிக் கோப்பைக்குள் இருந்தது அதுதான், பக்கத்தில் ஒரு செர்ரிப் பழத்தை வைத்த மாதிரி.

எம்.ஏ. படித்தபோது விடுதியில் என் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் இருந்தவள், கொடியில் என் துணியைத் தன் துணியிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுவாள். கேட்டதற்கு "உங்க ஊட்டுத் துணியில ஒரு வாடை வருதுப்பா" என்றாள். சண்டை போட்டு அடுத்த அறைக்குப் போனேன். அந்த வருஷம்தான் வகுப்பில் ஐம்புலன்களைச் சொல்லும் குறளில் நாற்றம் என்றால் வெறும் மணம் என்று பாடம் நடத்தினார்கள். பழைய தமிழில் பூவுக்கும் நாற்றம்தான். அந்தச் சொல்லைக் கீழே இறக்கியது யார் மூக்கு என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை.

கொட்டடி வாடைக்குக் காரணம் ப்ரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இருந்த கிளாசன் 1904இல் இதற்குப் பெயர் வைத்தார். ஒயின் செய்கிற பெரும்பாலோருக்கு இதே ஈஸ்ட் ஒரு கேடு. புகுந்துவிட்டால் பீப்பாயையே கழித்துக் கட்டுவார்கள். லாம்பிக் செய்கிறவர்களுக்கு இது இல்லாவிட்டால் பீரே இல்லை. ஈஸ்டும் ஒன்றுதான், அது தருகிற வாடையும் ஒன்றுதான்.

சரி, லாம்பிக்காரர்கள் எப்போதும் பாராட்டுப் பெற்றார்களா? இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது ப்ரஸ்ஸல்ஸ் சாதாரண சனங்களின் குடி. லாம்பிக்கில் சர்க்கரை சேர்த்த ஃபாரோவைத்தான் குடித்தார்கள். 1864இல் அங்கே வந்து தங்கிய பிரெஞ்சுக் கவிஞர் போதலேர் அந்த ஃபாரோவை, ஊர்ச் சாக்கடை எல்லாம் கலந்த ஸென் ஆற்றோடு சேர்த்து வைத்து அசிங்கமாக ஏளனம் செய்தார். (பாரிஸில் ஓடும் செய்ன் வேறு.) பெரிய கவிஞர்தான், ஆனால் எளியவன் கோப்பையை முகர்ந்ததும் அவருக்கும் சாக்கடை நினைவு வந்துவிட்டது. ஆற்றை 1867இல் தொடங்கி மூடி மேலே பெருந்தெருக்கள் போட்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் சனங்களின் நாக்கு இனிப்புக்குத் திரும்பியது. லாம்பிக் வடிப்பகங்கள் ஒவ்வொன்றாக மூடின, செர்ரிச் சாறும் சர்க்கரையும் கலந்த க்ரீக் கடைகளை நிறைத்தது. விற்காத காலத்திலும் சிலர் புளிப்பை விடவில்லை. அந்தப் பிடிவாதத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் பழைய முறைக் க்ரீக்கின் பெயருக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. 2016இல் பெல்ஜியத்து பீர்ப் பண்பாடு யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இன்று கண்டம் தாண்டி வந்து வரிசையில் நிற்கிறார்கள். ஏளனம் பட்ட அந்த வாடையில் இதற்காக எதையும் மாற்றவில்லை.

பனங்கள்ளும் இப்படித்தான் காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்டால் தானாகப் புளிக்கிறது. புளிக்கக் கூடாது என்றால் கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீராக இறக்குவார்கள். தமிழ்நாட்டில் 1987இல் கள்ளுக்குத் தடை வந்தது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

பக்கத்து மேசையில் இருந்த ஒரு பெரியவர், எழுபது வயசிருக்கும், அந்த ஊர்க்காரர், எனக்கு என்ன வாடை தெரிகிறது என்று அண்ணனிடம் பிரெஞ்சில் கேட்டார். தப்பு காய்ச்சுவது என்றேன். அண்ணன் திணறினார். "தப்பு எண்டா இவருக்கு எப்பிடிச் சொல்லுறது?" கையால் மேசையில் தட்டிக் காட்டினார், நெருப்பைக் காட்டினார், கடைசியில் தோலுக்கான பிரெஞ்சுச் சொல்லைச் சொன்னார். பெரியவர் தன் கோப்பையை எடுத்து இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தார். தோல் சரி என்றார். புகை எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே திரும்பவும் முகர்ந்தார்.