தூணுக்குப் பின்னால்

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. அதனால்தான் கீழ்க்கட்டளைக்கு வர அவளுக்கு நேரம் கிடைத்தது. என்னிடம் இளங்கலைத் தமிழ் படித்தவள்; இப்போது கல்யாணங்களுக்குப் புகைப்படம் எடுக்கிறாள். தை முதல் கார்த்திகை வரை எடுத்ததையெல்லாம் லேப்டாப்பில் ஓட்டிக் காட்டினாள்.

"இதெல்லாம் ஆல்பத்துல போகாது மேடம்" என்று தனியாக ஒரு ஃபோல்டரைத் திறந்தாள். கெட்டிமேளம் கொட்டி எல்லோரும் மேடையைப் பார்க்கும்போது, இவள் ஒரு நொடி திரும்பி எடுத்தவை. பந்தி நடக்கும் கூடத்து வாசலில் ஒரு பெரியம்மா. தூணோரம் ஓர் அத்தை. கையில் அட்சதை இருக்கிறது, நெற்றியில் பொட்டு இல்லை. "படம் செலக்ட் பண்றப்போ, இது எதுக்குன்னு தள்ளிவிட்டுடுவாங்க."

அகநானூற்றின் 86ஆம் பாட்டை எத்தனை முறை நடத்தியிருக்கிறேன்! அந்தக் கல்யாணத்தில் புரோகிதர் இல்லை, தீவலம் இல்லை என்று பெருமையாகச் சொல்வேன். மணமகளை நீராட்டும் நால்வரும் புதல்வரைப் பெற்ற பெண்கள். மற்றவர்கள் எங்கே நின்றார்கள் என்று வகுப்பில் ஒருநாளும் கேட்டதில்லை.

என் ஆல்பத்தில், தாலி கட்டும் படத்தில் அம்மா இல்லை. அப்பா போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. யாரும் அவளைத் தடுத்ததாக நினைவில்லை, அவளே ஒதுங்கிக்கொண்டாள். நானும் கூப்பிடவில்லை. அப்போதே பெண்ணியக் கவிதைகள் எழுதிக்கொண்டிருந்தேன்.

இதைச் சொன்னதும் அவள் பையிலிருந்து கேமராவை எடுத்தாள். "பாட்டி உள்ளதானே இருக்காங்க?"

"இந்தப் பழைய புடவையிலயா?" என்றாள் அம்மா. "இரு, மாத்திக்கிட்டு வர்றேன்."