எதை அட்ஜஸ்ட் பண்ணுவது?

டெய்லர் ஜாக்கெட்டை அட்ஜஸ்ட் செய்கிறார். மெக்கானிக் பிரேக்கை அட்ஜஸ்ட் செய்கிறார். வீட்டுக்காரர் அட்வான்ஸைக் கடைசி மாத வாடகையில் அட்ஜஸ்ட் செய்கிறார். இந்த வாக்கியங்களில் எல்லாம் ஒரு செயப்படுபொருள் இருக்கிறது. மாற வேண்டியது எது என்பதில் குழப்பமில்லை.

மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஒருவர் வரும்போது, “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா” என்கிறார். இப்போது செயப்படுபொருளைக் காணோம். ‘பண்ணு’வோடு ‘கொள்’ என்ற துணைவினை சேர்ந்ததும் செயல் செய்பவள் மீதே திரும்பிவிடுகிறது. ஒடுங்குவது என் உடம்பு.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மாவும் இதையேதான் சொன்னாள். அவளுக்குப் பாட்டி சொன்னது ‘அனுசரிச்சுப் போ’. அனுசரித்தல் என்றால் பின்தொடர்தல். யார் முன்னால், யார் பின்னால் என்பதை அந்தப் பழைய சொல் ஒளிக்கவில்லை. ஆங்கிலச் சொல்லோ இருவரும் ஆளுக்கு ஓரடி நகர்வதுபோல ஒலிக்கிறது. எல்லோரும் தூங்கிய பிறகு, அடுப்படி மேடையில் நோட்டை வைத்துக் கவிதை எழுதிய வருடங்களில், நகர்ந்தது நான் மட்டும்தான். ‘கொஞ்சம்’ என்பதன் அளவை யாரும் சொல்லவேயில்லை.

2024 ஆகஸ்டில் வெளியான ஹேமா கமிட்டி அறிக்கையில் ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்ற சொல்லைப் பார்த்தேன். மலையாளத் திரையுலகில் வாய்ப்புக்கு ஈடாகப் பெண்ணின் உடலைக் கேட்க அந்தச் சொல் புழங்குகிறது. பஸ் சீட்டில் கேட்ட அதே சொல்.

இதையெல்லாம் யோசித்து வைத்திருந்த நான்தான், ஒருநாள் ஓர் ஆய்வு மாணவியிடம் அதைச் சொன்னேன். எல்லோரும் கிளம்பிய பிறகு தனியாகத் தன் அறைக்கு வரச்சொல்கிறார் நெறியாளர் என்று அவள் சொன்னாள். “இன்னும் ஆறு மாசம்தானே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா” என்றேன்.

“எதை மேடம்?” என்றாள்.

இலக்கண வகுப்பில் செயப்படுபொருளைக் கண்டுபிடிக்க நான் சொல்லிக்கொடுத்த கேள்வி அது. என்னிடம் பதில் இல்லை. உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் என் வாயில் முதலில் வந்தது அம்மாவின் வாக்கியம்.

அன்று மாலையே புகார்க் கடிதத்தை அவள் எழுதினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒற்றுப்பிழை ஒன்றைத் திருத்தியதைத் தவிர, அவள் வாக்கியங்களில் எதையும் நான் அட்ஜஸ்ட் செய்யவில்லை.