சொந்தக் கையால் ஒரு விமானம்

எங்கள் நற்பிட்டிமுனைக்கு மேற்கே வயல்களில் உழவு தொடங்கிவிட்டால் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் ஓசை விடியுமுன்பே கேட்கும். எந்தக் கம்பனி செய்ததாயினும் அதனை ‘லாண்ட்மாஸ்டர்’ என்றே சொல்வோர் நம்மிடையே பலர். அப்பெயர் 1950களில் இங்கிலாந்தில் உற்பத்தியான ஓர் இயந்திரத்தின் பெயர். அதனை வடிவமைத்தவர் இலங்கைப் பொறியியலாளர் றே விஜேவர்தன. அந்த மனிதர் சிறு விமானங்களையும் தாமே வரைந்து, தாமே கட்டி, தாமே ஓட்டிப் பறந்தவர் என்று வகுப்பில் சொன்னபோது என் மாணவர் நம்ப மறுத்தனர். விமானம் என்பது வெளிநாட்டிலே செய்யப்படுவது. நம்மவர் அதில் ஏறுவது தொழில் தேடி மத்திய கிழக்குக்குப் போவதற்கு. இதுவே அவர்கள் கண்ட உலகம்.

1924இல் பிறந்து 2010இல் மறைந்த விஜேவர்தனவிடம் எனக்கு மதிப்பு உண்டாகக் காரணம் அவர் பறந்தது மட்டுமன்று. தம் உழவு இயந்திரத்தையே அவர் பிற்காலத்தில் விமர்சித்தார். எருமையின் வேலையை இயந்திரம் ஏற்றதேயன்றி விளைச்சல் அதனாற் பெருகவில்லை, இறக்குமதி எண்ணெய்க்கு உழவன் அடிமையானதே மிச்சம் என்பது அவர் கருத்து. தன் கையால் ஒன்றைச் செய்தவனுக்கே அதன் குறையைக் கூசாமற் சொல்லும் துணிவு வருகிறது போலும். ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. அவர் வசதி மிக்க குடும்பத்தினர், கேம்பிறிட்ஜில் பயின்றவர். வானம் அவருக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது.

வசதியற்றவனுக்கு? கேரளத்தில் தொடுபுழைக்கு அருகே ஒரு கிராமத்தவர் சஜி தோமஸ். பிறவியிலேயே செவிப்புலனும் பேச்சும் இல்லாதவர். ஏழாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு முடிந்தது. இரப்பர்த் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகொப்டரே அவருக்குக் கிடைத்த முதற் பாடநூல். கைத்தொழில் செய்து சேர்த்த பணத்தையும் இருந்த நிலத்தையும் செலவிட்டு, ஆண்டுக்கணக்கில் உழைத்து ஒரு சிறு விமானத்தை உருவாக்கினார். 2014இல் திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரம் பகுதியில் அது பறந்தது. ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி எஸ். கே. ஜே. நாயர் அதற்குத் துணை நின்றார். அக்கதையைத் தழுவி 2017இல் மலையாளத்தில் திரைப்படமும் வந்தது. திரைப்படம் எடுக்க முன்வரும் சமுதாயம், இத்தகையவருக்கு ஒரு பட்டறை கட்டிக் கொடுக்க முன்வருவதில்லை.

மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி, தாம் குடியிருந்த கட்டடத்தின் மொட்டைமாடியிலேயே ஆறு பேர் அமரும் விமானமொன்றைக் கட்டினார். பல ஆண்டுகள் அலுவலகங்களில் அலைந்து, 2017 நவம்பரிலேதான் பதிவுச் சான்றிதழ் பெற்றார். விமானம் கட்டிய காலத்தோடு கோப்பு நகர்ந்த காலத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டியிருக்கிறது!

1903 டிசம்பர் 17ஆம் நாள் முதன்முதற் பறந்த றைட் சகோதரர் சைக்கிள் கடைக்காரர். இருவருமே உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற்றவரல்லர். அவர்களுடைய கடைத் தொழிலாளி சார்ள்ஸ் டெயிலர் ஆறு வாரங்களில் இயந்திரத்தைச் செய்து கொடுத்தார். இறக்கைக்குப் போர்த்தியது மஸ்லின் துணி. துணி நெய்வதற்கு நமக்குக் கற்றுத்தர எவரும் வேண்டியதில்லை. அருகே மருதமுனையில் தறி ஓசை தலைமுறைகளாகக் கேட்கிறது. ஆனால் அச்சகோதரர், 1901இல் தாமே ஒரு காற்றுச் சுரங்கம் அமைத்து இருநூறுக்கு மேற்பட்ட இறக்கை வடிவங்களைச் சோதித்திருந்தனர் என்பதை மறந்துவிடுகிறோம். சான்றிதழ் இல்லை; விஞ்ஞானம் இருந்தது.

அது இல்லாவிடின் என்ன நேரும் என்பதற்குப் பிரான்சியரான ஹென்றி மின்யேயின் ‘வானத்துத் தெள்ளுப்பூச்சி’ சாட்சி. பெட்டியடிக்கத் தெரிந்த எவரும் விமானம் கட்டலாம் என்ற நம்பிக்கையை 1934இல் வெளியான அவரது நூல் ஊட்டியது. ஐரோப்பாவில் எளிய மக்கள் பலர் கட்டினர், சிலர் மாண்டனர். பிரான்சிலும் இங்கிலாந்திலும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தபோது காரணம் வெளிப்பட்டது. ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த இரு இறக்கைகளும் மிக நெருங்கி இருந்தன. மூக்குக் கவிழ்ந்து இறங்கும்போது முன்னிறக்கையின் காற்றோட்டம் பின்னிறக்கையின் தூக்குவிசையைக் கூட்டிவிட, ஓட்டுபவன் எவ்வளவு முயன்றும் மூக்கு நிமிரவில்லை.

இக்கதையைச் சொன்னபோது, சாதாரணதரத்தோடு பள்ளியைவிட்டு, பைபர்க் கண்ணாடிப் படகு வார்க்கும் பட்டறையொன்றில் வேலை செய்யும் என் பழைய மாணவன் ஒருவனும் உடனிருந்தான். நுரைப்பலகையைச் சீவி அதன்மேல் பைபர்த் துணி பரப்பிப் பிசின் பூசும் முறையில் அமெரிக்காவில் பேட் றூட்டான் வரைந்த விமானங்களை 1970களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வீட்டிலேயே கட்டத் தொடங்கினர் என்றேன். அது அவனை வியக்கச் செய்யவில்லை. பிசின் அவன் நாளும் புழங்குவது. நெடுநேரம் பேசாதிருந்தவன் கேட்டான்:

“அந்த ரெண்டு செட்டைக்கும் இடைவெளிய எவ்வளவு கூட்டியிருந்தாப் போதும், சேர்? அந்தக் கணக்க எந்த வகுப்புல படிப்பிக்கிற?”

உயர்தரக் கணிதப் பிரிவில் தொடங்கும் என்றேன். சாதாரணதரக் கணிதப் பெறுபேறு போதாதென்று அப்பிரிவில் அவனைச் சேர்க்கவில்லை.